எட்டாம் நம்பர் பெட்டி

“உங்க அப்பா எங்க இருக்கார்?” என்று வகுப்பாசிரியை கேட்டதற்கு, “ஃபோன்ல இருக்கார் மிஸ்” என்று நம்ம வாண்டு பதில் சொல்ல, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்த இடத்தில் போன வாரம் விட்டிருந்தோம். வகுப்புதான் சிரித்தது. வீட்டுக்கு வந்து அதை அப்படியே ஒப்பித்துக் காட்டியபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து அவளுடைய அம்மாவுக்கு மனசு மரத்துப் போயிருந்தது. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்கும்? தொட்டால் தெரியும், வலிக்காது. அந்த மாதிரி. அழுதிருந்தாலாவது தேவலை. மறுநாளே போய் இடமாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கதைக்குள் இப்போதுதான் கால் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இவள் ஒரு ஆலையில் தரப் பரிசோதகர். கேஸ் அடுப்பின் திருகுக்குள் உட்காருகிற நைலான் வளையங்களைக் கேஜ் என்கிற அளவுக் குச்சியால் அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பெட்டியின் மேல் தன் முத்திரையைக் குத்துவது அவள் வேலை. முத்திரை எண் எட்டு. ஆலையில் அவளுடைய பெயரைக் கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். எட்டு என்றால் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்காரரும் பரிசோதகர்தான். பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு, “எட்டு, அந்தக் கேஜைக் கொஞ்சம் குடேன்” என்று கேட்டுக் கேட்டே கல்யாணம் வரைக்கும் கொண்டு வந்து விட்டவர்.

போன வருஷம் அவரைக் கம்பெனியின் துறைமுக ஊர் ஆலைக்கு மாற்றினார்கள். அதே வேலை, அதே கேஜ், அதே நாற்காலி. இல்லை, தப்பு. நாற்காலி அங்கே முதுகு சாய்கிற நாற்காலி. சம்பளம் ஒன்றரை மடங்கு.

எதற்காம்? கம்பெனி தன் ஆலைகள் இருக்கிற ஊர்களை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. துறைமுக ஊர் முதல் வகை. இவள் இருக்கிற ஊர் மூன்றாம் வகை. வகைப்படி சம்பளம், வகைப்படி மின்விசிறி, வகைப்படி டீக் கோப்பையின் அளவு. வளையத்தின் அளவுக்கு மட்டும் வகை கிடையாது. வரைபடத்தில் போட்டது போட்டதுதான், எந்த ஊராக இருந்தாலும்.

சரி, இனி கதைக்கு வருவோம்.

காலையில் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டிருந்தவள் வீட்டுக்காரரின் தங்கை. பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுக்கிறவள். வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் வானொலி. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

“அண்ணி, இன்னிக்குத்தானே உங்க ஃபைல் கையெழுத்தாகுது?”

“ம்.”

“ஆர்டர் வந்துட்டா எப்பக் கிளம்புவீங்க? மாசக் கடைசியிலயா? இல்ல, பரீட்சை முடிஞ்சா? என்னைத் தனியா விட்டுட்டுப் போறீங்களேன்னு நான் அழுவேன்னு மட்டும் நினைக்காதீங்க. ரெண்டு ரூமும் எனக்குத்தான்னு ஜாலியா இருப்பேன்.”

“ம்.”

வானொலி மெஷினை நிறுத்தினாள். “உங்ககிட்ட பேசுறதுக்கு இந்த மெஷின்கிட்ட பேசலாம் அண்ணி. அதுவாவது கடகடன்னு ஏதாவது பதில் சொல்லும். ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? நல்ல விஷயம்தானே நடக்கப் போகுது?”

“நல்ல விஷயம்தான்” என்றாள் அவள், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே.

வாண்டு பள்ளிக்கூடப் பையைத் தரையில் கவிழ்த்துவிட்டு, அதற்குள் தன் பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஊர் மாறும்போது எடுத்துப் போவதற்காம்.

“அம்மா, அங்க கடல் இருக்கா?”

“இருக்காம்.”

“அப்பா தினம் பாக்குறாரா?”

“அப்பா தினம் வளையம் பாக்குறார்.”

“அப்ப நான் போய்க் காட்டித் தரேன்” என்று வாண்டு ஒரு கரடியைத் தலைகீழாகப் பைக்குள் திணித்தாள்.

ஆலைக்குள் நுழைந்ததும் முதலில் சம்பளப் பிரிவுக்குத்தான் போனாள். அங்கே இருக்கிற மேடம் தங்கமானவர். கெட்ட செய்தியைக்கூட வெல்லம் தடவித்தான் கொடுப்பார்.

“வாம்மா எட்டு, உட்காரு. உன் ஃபைலை மேல அனுப்பிட்டேன். சாயங்காலத்துக்குள்ள கையெழுத்தாயிடும். புருஷன் பொண்டாட்டி ஒரே ஊர்ல இருக்கணும்னு மேனேஜர் பெரியவருக்கே ஆசைதான்.”

“ரொம்ப நன்றி மேடம்.”

“ஒரே ஒரு விஷயம்மா.” மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சம்பளம் மட்டும் நீ வேலைக்குச் சேர்ந்த ஊர்ப்படிதான் வரும். அந்த ஊர்ப்படி வராது.”

“அங்க வாடகை அந்த ஊர்ப்படிதானே மேடம் கேப்பாங்க?”

“அது கம்பெனி கையில இல்லையேம்மா.”

“அவருக்கு மட்டும் அந்த ஊர் சம்பளம் தர்றீங்களே?”

“அவரை நாங்களா அனுப்பினோம். நீயா கேட்டுப் போற. ரெண்டும் ஒண்ணாயிடுமா, சொல்லு?”

எப்படி இருக்கிறது நியாயம்! வேறு யாராவது இருந்திருந்தால் மேசையைத் தட்டிப் பேசியிருப்பார்கள். ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே பெட்டியில் கைவிட்டு, ஒரே வளையத்தை அளக்கப் போகிற இரண்டு பேருக்கு இரண்டு சம்பளமா என்று ஒரு வாங்கு வாங்கியிருப்பார்கள். அவளுக்குக் கோபம் வரும் என்று அவளே காத்திருந்தாள். வரவில்லை. ஒரே ஒரு அறை எடுத்தால் சமாளித்துவிடலாம் என்று மட்டும் தோன்றியது. வாண்டு அப்பாவை நேரில் பார்ப்பாள். அது போதும்.

“சரி மேடம்” என்றாள்.

“நல்ல பொண்ணு. அப்புறம், இப்போதைக்கு உன் பேர்ல சிவப்புச் சீட்டு எதுவும் இல்லையே?”

சிவப்புச் சீட்டு என்றால், பரிசோதகர் முத்திரை குத்தி அனுப்பிய பெட்டி தப்பு என்று திரும்பி வருவது. “இல்ல மேடம். வந்ததே இல்ல.”

“வராம பாத்துக்க. ஒண்ணு விழுந்தாலும் இடமாற்ற ஃபைலை ஒரு வருஷத்துக்குத் தொடக் கூடாதுன்னு விதி. கையெழுத்தாகுற வரைக்கும் கொஞ்சம் உஷாரா இரு.”

உஷாராக இருப்பதற்கு அங்கே எங்கே வழி? மெஷினிலிருந்து வளையங்கள் கொதிக்கக் கொதிக்க வந்து விழும். நைலான் சூடாக இருக்கும்போது விரிந்து இருக்கும், ஆறினால் சுருங்கும். அதனால் ஒரு ஷிஃப்ட் முழுக்கக் குளிர் அறையில் ஆறப்போட்டு, அதற்கப்புறம்தான் அளக்க வேண்டும் என்று சட்டம். துறைமுக ஊர் ஆலையில் குளிர் அறை இருக்கிறது. மூன்றாம் வகை ஊருக்குக் குளிர் அறை கிடையாது, ஒரு மின்விசிறி இருக்கிறது. அதுவும் சுற்றும்போது இருமும்.

ஆகவே இந்த ஆலையின் பரிசோதகர்கள் ஒரு கைப்பழக்கத்தை வளர்த்து வைத்திருந்தார்கள். கேஜ் என்பது விரல் நீளத்துக்கு ஒரு எஃகுக் குச்சி. ஒரு முனை வளையத்துக்குள் போக வேண்டும். மறுமுனை போகக் கூடாது. சூடான வளையத்தில் இரண்டு முனையும் போய்விடும். போகட்டும், ஆனால் எவ்வளவு தாராளமாகப் போகிறது என்பதை விரலால் உணர்ந்து, ஆறினால் எங்கே வந்து நிற்கும் என்று மனசுக்குள் கழித்துப் பார்த்து முத்திரை குத்துவார்கள். மேலிடத்துக்கு இது தெரியாது. தெரியாதது மாதிரி இருந்தார்கள் என்பதே சரி.

போன வாரம் புது மூட்டையில் நைலான் வந்திறங்கியது. அதே நிறம், அதே பளபளப்பு. “அவசரம், அவசரம், லாரி நிக்குது” என்று சூப்பர்வைசர் பின்னாலேயே நின்றார். அந்த மனிதருக்குப் பட்டப்பெயரே அவசரம்தான். அவளும் வழக்கம் போல விரலால் கழித்துப் பார்த்து, எட்டாம் நம்பரைக் குத்தித் துறைமுக ஊர் ஆலைக்கு அனுப்பிவிட்டாள். அங்கே இன்னொரு தடவை அளந்து பாஸ் போட்ட பிறகுதான் அசெம்பிளியில் அடுப்புக்குள் பொருத்துவார்கள். வாண்டுவின் ‘ஃபோன்ல இருக்கார்’ காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த நாள் அது. கை வேலை செய்தது, மனசு எங்கேயோ கிடந்தது.

சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்காரர் ஃபோனில் கூப்பிட்டார்.

“எட்டு, தனியா இருக்கியா?”

“சொல்லுங்க.”

“உன் பெட்டி ஒண்ணு இன்னிக்கு என் மேசைக்கு வந்துச்சு.”

அவள் டப்பாவை மூடினாள்.

“பத்து எடுத்து அளந்தேன். ஆறுல முனை உள்ளயே போகல. வளையம் சுருங்கிப் போய் இறுக்கமா இருக்கு. என்ன ஆச்சு உனக்கு? நீ இப்படி விட மாட்டியே?”

“புது மூட்டை” என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது. பழைய நைலானின் கணக்கைப் புது நைலானுக்குப் போட்டிருக்கிறாள். “அது அதிகமா சுருங்குது போல. சீட்டுப் போட்டுட்டீங்களா?”

“பைத்தியமா உனக்கு? இன்னிக்குப் போய்ச் சீட்டுப் போடுவேனா? பாஸ் பண்ணிட்டேன்.”

அவள் மூடிய டப்பாவைத் தள்ளி வைத்தாள்.

“ஏன் பேச மாட்டேங்குற? உன் ஃபைல் சாயங்காலம் கையெழுத்தாகுது. இன்னிக்கு உன் பேர்ல சிவப்பு விழுந்தா இன்னும் ஒரு வருஷம். ஒரு வருஷம் என்னால முடியாது எட்டு. ராத்திரி ரூமுக்குப் போனா சுவருகிட்டதான் பேசுறேன்.”

“அந்த வளையம் இறுக்கமா இருந்தா திருகுத் தண்டு மேல உட்கார்றப்பவே விரிசல் விடும்.”

“எல்லாமே விடாது.”

“ஒண்ணு விட்டா போதாதா? கேஸ் அடுப்புங்க அது.”

“எனக்குத் தெரியாதா? நாளைக்குக் காலையிலதான் அசெம்பிளிக்குப் போகும். அதுக்குள்ள ஏதாவது பண்றேன். நீ பேசாம இரு.”

“என்ன பண்ணுவீங்க? பாஸ் போட்ட பெட்டியை நீங்களே போய் எடுக்க முடியுமா?”

அவர் பக்கம் குளிர் அறையின் இயந்திரம் உறுமுவது மட்டும் கேட்டது. “வர்றதை அப்புறம் பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நல்ல மனிதர்தான். ஒரு மயிரிழை கூடக் குறைய இருந்தாலும் விடாத ஆள். இரவல் கேஜைத் திருப்பிக் கொடுக்கும்போதுகூடத் துடைத்துத்தான் கொடுப்பார். தனிமை அந்த மனிதரையே வளைத்துவிட்டது, பாருங்கள்.

அவள் தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். மேசையின் கீழ்த் தட்டில் வரிசையாகச் சின்ன டப்பாக்கள் இருந்தன. அனுப்புகிற ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு பிடி வளையத்தை எடுத்து வைப்பது வழக்கம். அதற்குப் பெயர் சாட்சி வளையம். பின்னால் ஏதாவது தகராறு வந்தால் திறப்பார்கள். வராவிட்டால் கொஞ்ச நாள் கழித்துக் குப்பைக்குப் போகும். தகராறு இல்லாமல் அவற்றைத் திறந்தவர்கள் அந்த ஆலையில் கிடையாது.

அந்தப் பெட்டியின் டப்பாவைத் திறந்தாள். வளையங்கள் நன்றாக ஆறிக் கிடந்தன. முதலாவதை எடுத்துக் கேஜின் முனையை வைத்தாள். போகவில்லை. அடுத்தது. போகவில்லை. மூன்றாவது, கொஞ்சம் அழுத்தினால் போகும் போல இருந்தது; அழுத்தக் கூடாது என்பதுதானே வேலையின் முதல் பாடம். வைத்துவிட்டாள்.

அப்போதும் அவளுக்குப் பதற்றமில்லை, அழுகையில்லை. ஒன்றை மட்டும் யோசித்தாள். கணவர் போட்ட பாஸைக் காட்டிக் கொடுத்தால் அவர் வேலை போகும். பேசாமல் இருந்தால் நாளைக்கு அந்த வளையங்கள் யார் யார் வீட்டு அடுப்புக்குள்ளேயோ போய் உட்காரும். ஏதோ ஒரு வீட்டில் வாண்டுவைப் போல ஒன்று சமையலறையில் விளையாடிக்கொண்டிருக்கும். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. தானாகவே சாட்சி வளையத்தைத் திறந்து பார்த்து, தானாகவே தப்பைக் கண்டுபிடித்ததாகச் சொல்வது. அப்படிச் சொன்னால் அவர் பெயர் வராது. சீட்டு தன் பேரில் மட்டும் விழும்.

ஒரு வருஷம்.

டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கால் தானாக நடந்தது.

“சார், போன வாரம் போன பெட்டியைத் திரும்ப வாங்கணும்.”

அவசரம் டீக் கோப்பையை வைத்தார். “எந்தப் பெட்டி? யார் பெட்டி?”

“என் பெட்டிதான். சாட்சி வளையம் எதுவும் போக மாட்டேங்குது. புது நைலான் அதிகமா சுருங்குது சார். நான் கவனிக்காம விட்டுட்டேன்.”

“சாட்சியை உன்னை யாரு திறக்கச் சொன்னா?”

“தோணுச்சு சார்.”

“தோணுச்சா! பதினஞ்சு வருஷமா எனக்கு ஒரு தடவைகூடத் தோணலையே!” அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார். “இங்க பாரு எட்டு. அங்க அவங்களே அளந்து பாஸ் போட்டுட்டாங்கன்னு காலையிலயே தகவல் வந்துடுச்சு. பாஸ் போட்டது உன் வீட்டுக்காரர்தான்னு வேற சொன்னாங்க. ஓடுற பாம்பைப் புடிச்சு மடியில கட்டிக்கிறியே? உன் ஃபைல் வேற மேல இருக்கு. நாளைக்குச் சொல்லு. நாளைக்குச் சொன்னா என்ன குடி முழுகிடும்?”

“நாளைக்கு அசெம்பிளிக்குப் போயிடும் சார்.”

“இதுல இன்னொண்ணு இருக்கு, தெரியுமா? திரும்ப அளந்து பொறுக்குற கூலி நம்ம ஆலைக் கணக்குல வரும். நம்ம கணக்குலன்னா உன் ஊக்கத்தொகையில புடிப்பாங்க. அதுவும் இங்கத்துக் கூலி இல்ல, பொறுக்குறவங்க ஊர்க் கூலி. முதல் வகை.”

“சம்பளம் மூணாம் வகை, தண்டம் மட்டும் முதல் வகையா?” என்று கதவுக்கு வெளியே லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த அக்கா குரல் கொடுத்தாள். கதவைச் சாத்தி என்ன பிரயோஜனம்!

“நீ உன் வேலையைப் பாரு” என்று அவசரம் கத்தினார். பிறகு டப்பாவிலிருந்து ஒரு வளையத்தை எடுத்துக் கேஜில் வைத்துப் பார்த்தார். இன்னொன்றை வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. என்னதான் அவசரக்காரர் என்றாலும், ஒரு காலத்தில் முத்திரை பிடித்த கைதானே அதுவும்.

“விதியே” என்று சொல்லிக்கொண்டே தொலைபேசியை எடுத்தார்.

மாலையில் சம்பளப் பிரிவு மேடம் அவளைக் கூப்பிட்டனுப்பவில்லை. தானே மேசைக்கு வந்தார். வெல்லம் தடவுவதற்கு இந்த முறை ஒன்றும் கிடைக்கவில்லை போலும்.

“ஏம்மா இப்படிப் பண்ணின? பேனாவை மூடி கழட்டி வச்சுட்டாரும்மா பெரியவர். கடைசி நிமிஷத்துல நானே போய் ஃபைலைத் திரும்ப வாங்கிட்டு வந்தேன்.”

“பரவாயில்ல மேடம்.”

“ஒரு வருஷம் ஓடிடும். பாத்துக்கிட்டே இருக்கும்போது ஓடிடும்.”

“ஆமா மேடம்” என்றாள் அவள். மேடத்துக்குத்தான் கண் கலங்கியது. அவள் தன் முத்திரையைத் துடைத்து, பூட்டி வைத்துவிட்டுக் கிளம்பினாள். முத்திரையைப் பிடுங்கவில்லை, தானாகச் சொன்னதற்கு அந்த அளவு மரியாதை.

வீட்டில் வானொலி விஷயத்தைக் கேட்டுவிட்டு, வாழ்க்கையில் முதன்முறையாகப் பேச்சற்று உட்கார்ந்திருந்தாள். ஆனால் அது ரொம்ப நேரம் தாங்கவில்லை.

“அண்ணனே பாஸ் போட்டதை நீங்க போய்... ஐயோ அண்ணி. நீங்க ஒரு தடவையாவது உங்களுக்காக யோசிக்கவே மாட்டீங்களா? திட்டவும் மனசு வரல, பாராட்டவும் மனசு வரல. எனக்கு வாயில நல்லா வந்துடும், போங்க.”

“திட்டிக்க.”

“திட்டினா மட்டும் உங்களுக்கு ஒறைக்குமா? நீங்கதான் மரக்கட்டை மாதிரி இருக்கீங்களே!” என்று சொல்லிவிட்டு வானொலி அழுதாள். அழுதுகொண்டே எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து அண்ணி கையில் கொடுத்தாள்.

ஃபோன் அடித்தது. அவர்.

எடுத்தாள். அந்தப் பக்கம் குளிர் இயந்திரத்தின் அதே உறுமல்.

“இன்னும் ஆலையிலதான் இருக்கீங்களா?”

“ஓவர்டைம்.”

“என்ன ஓவர்டைம்?”

“உன் பெட்டிதான். கொட்டி, ஒவ்வொண்ணா அளந்து பொறுக்கச் சொல்லியிருக்காங்க. கை விறைச்சுப் போச்சு.”

“அதுக்குக் கூலி எனக்குத்தான் புடிப்பாங்களாம்.”

“தெரியும். உனக்குப் புடிச்சு எனக்குத் தர்றாங்க. இந்த ஊர் ரேட்டுல.” அவர் ஒரு மாதிரி இருமினார். “உன் இடது பையிலருந்து எடுத்து என் வலது பையில போடுறாங்க எட்டு. நடுவுல கம்பெனிக்கு ஒரு பைசா செலவில்ல.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. சிரித்தாள், நிறுத்த முடியாமல் சிரித்தாள். வானொலி பயந்துபோய்த் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நாளைக்கப்புறம் இருவரும் சேர்ந்து சிரிக்கிறார்கள்.

பிறகு அவர் சிரிப்பை நிறுத்தினார்.

“எட்டு, ஒண்ணு சொல்லணும். முத்திரையை வாங்கி வச்சுக்கிட்டாங்க.”

“என்னுதை வாங்கல. இங்கதான்...”

“உன்னுது இல்ல. என்னுது.”

அவளுக்கு உடனே புரியவில்லை.

“நீயா கண்டுபுடிச்சதா சொல்லிட்ட. சரி. ஆனா இங்கத்து மேனேஜர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ‘சாட்சி வளையம் ஒண்ணுகூடப் போகலைன்னு அங்க சொல்றாங்க. நீ பத்து அளந்து பத்தும் போச்சுன்னு எழுதியிருக்க. உன் பத்து மட்டும் எப்படிய்யா போச்சு?’ன்னார். என்ன சொல்றது? அளக்கலைன்னா சோம்பேறி. அளந்தேன்னா திருடன்.”

காலையிலிருந்து எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தவள் இதை மட்டும் கழித்துப் பார்க்கவில்லை. சீட்டைத் தன் பேரில் போட்டுக்கொண்டால் முடிந்தது என்று நினைத்தாள். ஒரு பெட்டியை இரண்டு பேர் அளக்கிறார்கள் என்பதை, அதே வேலையைச் செய்கிறவள், அதே வேலை செய்கிறவரைக் கட்டிக்கொண்டவள், அவசரம் வாய்விட்டுச் சொல்லியும் எப்படி மறந்தாள்? ஒருத்தர் தப்பு என்றால் அடுத்தவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்றுதானே முதல் கேள்வி வரும்.

மரத்துப் போன கன்னத்தில் ஊசி மருந்தின் வேகம் இறங்கிவிட்டது. வலித்தது.

“நான்தான் உங்களை மாட்டி விட்டுட்டேன்” என்றாள்.

“நீ சரியாத்தான் பண்ணின. இப்ப கொட்டிப் பாக்குறேன்ல, பாதிக்கு மேல போகல. ரெண்டு விரிஞ்சே கிடக்கு. இதையா விட்டேன்னு எனக்கே கை கூசுது.” அவர் மூச்சை இழுத்து விட்டார். “நாளைக்குக் காலையில விசாரணை. உன்னைக் காப்பாத்தத்தான் பண்ணினேன்னு சொன்னா உன் வேலைக்கும் வேட்டு. அதனால அளக்கலைன்னே சொல்லிடலாம்னு இருக்கேன். அப்படிச் சொன்னா வேலையை விட்டு எடுக்க மாட்டாங்க. திருப்பி அனுப்புவாங்க. நம்ம ஊருக்கு, மூணாம் வகைக்கு. பரிசோதகரா இல்ல, மூட்டை தூக்கவோ லேபிள் ஒட்டவோ.”

“நீங்களா? அளக்கலைன்னா?” அவள் எழுந்து நின்றாள். “வாழ்நாள்ல ஒரு பெட்டியைக்கூட நீங்க அளக்காம விட்டதில்லையே. அதைப் போய் உங்க வாயாலயே சொல்லுவீங்களா?”

“வேற வழி இருந்தா சொல்லு. காலையில வரைக்கும் நேரம் இருக்கு.”

வாண்டு எங்கிருந்தோ ஓடிவந்து ஃபோனை அம்மா கையிலிருந்து பறித்துக்கொண்டாள்.

“அப்பா! நாங்க எப்ப அங்க வரோம்? கரடியெல்லாம் எடுத்து வச்சாச்சு!”

“நீங்க வர வேண்டாம்டா கண்ணு.” அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது. “அப்பாவே வந்துருவேன் போலிருக்கு.”

“லீவுக்கா?”

“இல்ல. ஒரேயடியா.”

வாண்டு சந்தேகமாக ஃபோனை ஒரு தடவை பார்த்தாள். “ஃபோன்லயா, நேர்லயா?”

“நேர்ல.”

வாண்டு போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. ஃபோனைக் கட்டிலில் எறிந்துவிட்டு, பையைக் கவிழ்த்துக் கரடிகளைக் கொட்டி, அதற்கு நடுவில் நின்று குதித்தாள். “அப்பா நேர்ல வராரு! அத்தை, அப்பா நேர்ல வராரு!” வானொலி அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் கட்டிலில் கிடந்த ஃபோனை எடுத்துக் காதில் வைத்தாள். அவர் இன்னும் இணைப்பில் இருந்தார். எஃகுத் தட்டில் வளையங்கள் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம் கேட்டது. அவர் மறுபடி வேலையை ஆரம்பித்துவிட்டார்.

“ஃபோனை வச்சுடாதீங்க” என்றாள்.